பட்டை கட்டாத மாடு

ஓகாட்டோ,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நைரிக்கு,

இங்கே நானும் நாய் டிப்பும் மாடுகளும் நலம். ஆக்லாந்தில் நீ நலம் என்பது கேட்காமலே தெரிகிறது. போன வாரம் போன் திரையில் பார்த்தபோது உன் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. மாடுகள் கன்று போடும் பருவத்தில் உன் முகத்தில் அப்படி ஒரு களையை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

ஓயாமல் புதுக் கருவிகளைப் பற்றியே பேசுகிறவன் காகிதத்தில் கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நான் "உன்னை" என்று அடித்தால், அது முந்திக்கொண்டு "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று முடித்துவைக்கிறது. இத்தனை காலம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அப்படி அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? சரி, பேசலாமென்று கூப்பிட்டால் பின்னாலிருந்து அந்தக் கம்பெனிப் பையன் ஜூலியனின் குரல் கேட்கிறது. நீ என்னிடம் பேசிக்கொண்டே அவனுக்குத் தலையாட்டுகிறாய். காகிதத்துக்குப் பின்னால் யாரும் வந்து நிற்க முடியாது.

பேர்ல் கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். தாயும் சேயும் சுகம். நீ ஏற்பாடு செய்துவிட்டுப் போன கறவை ஆள் நேரத்துக்கு வந்துவிடுகிறான், ஆனால் வாயைத் திறப்பதில்லை. மலை உச்சியில் பனி நன்றாக விழுந்திருக்கிறது. பின்வாசல் கோவாய் மரம் மஞ்சளாகப் பூத்துவிட்டது. தேன் குடிக்க வழக்கம்போல அந்தத் தூயிப் பறவை வந்து உட்கார்ந்துகொண்டு வேறு எந்தப் பறவையையும் அண்டவிடுவதில்லை. கழுத்தில் வெள்ளைக் குஞ்சத்தைக் கட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி அதிகாரம் செய்கிறது.

மாடுகளின் கழுத்துப் பட்டைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. போன் திரையில் விரலால் கோடு கிழித்தால் அதுதான் வேலி. மாடு கோட்டை நெருங்கினால் பட்டை சீழ்க்கை அடிக்கிறது, அது சாதுவாகத் திரும்பிவிடுகிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று நம் பேர்ல் எந்தப் புல்லைக் கடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் புல்லரிக்கிறது. பட்டை வந்த உற்சாகத்தில் விரெமுவின் பண்ணைக்கும் நமக்கும் நடுவில் இருந்த பழைய கம்பி வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கம்பி என்ன பாவம் பண்ணிச்சு? அது பாட்டுக்கு நின்னுட்டுதானே இருந்துச்சு?" என்று கேட்டான். தொழில்நுட்பத்தை நம்பாதவன்தான் கம்பி கட்டுவான் என்று சொன்னேன். "அப்ப சரி, எம் புல்லு மேல ஒரு வாய் வெச்சாலும் உன் செயற்கைக்கோளுக்குத்தான் பில் அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்று மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பொழுது விடிந்தால் மேய்ச்சல் வெளி முழுக்க, பட்டையில் பதிவு செய்த உன் சீழ்க்கை. ஒவ்வொரு மாட்டின் கழுத்திலிருந்தும் நீ கூப்பிடுகிறாய். டிப்புக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இந்தப் பக்கம் கேட்டு இந்தப் பக்கம் ஓடுகிறது, அந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் ஓடுகிறது. கடைசியில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு என் பூட்ஸ் மேல் வந்து படுத்துக்கொள்கிறது. மாட்டை நாள் முழுக்கக் கூப்பிடுகிறாய், என்னை வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறாய். கணக்கு சரிதானா என்று நீயே சொல்.

நினைத்துப் பார்த்தால் எல்லாம் நான் போட்ட விதை. இந்தப் பட்டையைப் பற்றி நம் வட்டாரத்தில் முதலில் படித்தவன் நான். சோதனைக்கு நம் பண்ணையை எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு நச்சரித்து எழுதியவன் நான். ஜூலியன் வந்து இறங்கிய அன்று மின்கலம், அலைவரிசை என்று அத்தனையும் நான் விளக்க, அவன் காப்பியை ஆறவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவர்களுடைய மின்னணுப் பீப்பொலிக்கு ஒரு மாடும் அசையவில்லை. நீ பின்வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே ஒரு சீழ்க்கை அடித்தாய். மொத்த மந்தையும் கோடியிலிருந்து நடந்து வந்தது. அவன் கண் அப்போது விரிந்த விரிவை நான் மறக்கவில்லை. அக்காளைப் பெண் பார்க்க வந்தவன் தங்கையைக் கட்டிக்கொண்டு போன கதையாகிவிட்டது. என் அலமாரியில் வருஷக்கணக்கான அறிவியல் பத்திரிகைகள் அடுக்கி இருக்கின்றன. நீ அவற்றைச் சன்னல் கண்ணாடி துடைக்கத்தான் எடுப்பாய். அவர்களுக்கு வேண்டியது உன் உதடு!

பொறாமையா என்று கேட்பாய். இல்லை. இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

நிரந்தரமாக அங்கேயே வேலைக்கு இருந்துவிடச் சொல்லிக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள் என்றும், அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உன் சீழ்க்கை அயர்லாந்துக்கும் உருகுவேக்கும் போகப்போகிறது என்று ஜூலியன் சொன்னானாம். "ஜூலியன் சொன்னான்" என்று அந்த ஒரு கடிதத்தில் மட்டும் எத்தனை இடம்! கடற்பாசி தின்ற மாடு ஏப்பத்தில் விடும் வாயு குறையும் என்பதை அவன் உனக்கு விளக்கினான் என்று ஆச்சரியமாக எழுதியிருக்கிறாய். அதை நான் போன வருஷமே, ஸ்கோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உனக்குச் சொன்னேன். "வாயில வெச்சுக்கிட்டுப் பேசாதே" என்று சொன்னாய். அவன் சொன்னால் அறிவியல், நான் சொன்னால் ஸ்கோன் துகள்.

முடிவு உன்னுடையது. நான் இருக்கச் சொல்லவும் மாட்டேன், வரச் சொல்லவும் மாட்டேன். அங்கே ஈரக்காற்று அதிகம், கழுத்தைச் சுற்றி ஏதாவது போட்டுக்கொள்.

அன்புடன்,
கொலின்

*

ஓகாட்டோ,
செப்டம்பர், மழை.

நைரிக்கு,

"அன்புள்ள" என்று எழுதவில்லை, கவனித்திருப்பாய். மறதி இல்லை.

முதலில் பண்ணைச் செய்தி. கன்றுகள் எல்லாம் வாளியில் குடிக்கப் பழகிவிட்டன. பால் வண்டி நேரத்துக்கு வருகிறது. மாடே இல்லாமல் நொதிக்கும் தொட்டியில் பால் புரதம் செய்யும் முறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஈஸ்டுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பாலைச் செய்துவிடுமாம். மாடு வேண்டாம், புல் வேண்டாம், விடியற்காலை எழுந்திருக்கவும் வேண்டாம். முன்பென்றால் அப்படியே உன்னிடம் ஓடி வந்து படித்துக் காட்டியிருப்பேன். நேற்று டிப்பிடம் படித்துக் காட்டினேன். அது கொட்டாவி விட்டது. நீயும் அப்படித்தான் விடுவாய், ஆனால் நடுவில் "அப்ப சீஸு?" என்று ஒரு கேள்வி கேட்பாய். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனையும் படிக்கிறேன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கம்பெனியிலிருந்து போனுக்கு அறிவிப்பு வந்தது. பட்டையின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது, புதிய ஒலிகள் சேர்க்கப்பட்டுள்ளன என்று போட்டிருந்தது. மறுநாள் காலை பத்து மணி வாக்கில் கறவைக்கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். மந்தை வீட்டுக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அப்போது கேட்டது.

மாட்டுச் சீழ்க்கை இல்லை, நைரி. தேநீர்ச் சீழ்க்கை.

இரண்டு குட்டையாக, ஒன்று நெட்டையாக. கெட்டில் கொதித்ததும் பின்வாசலில் நின்று நீ எனக்கென்று அடிப்பாயே, அதுதான். கையிலிருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். ரப்பர் பூட்ஸோடு சமையலறை வரைக்கும் போய்விட்டேன். சேற்றுத் தடம் இன்னும் தரையில் இருக்கிறது. கெட்டில் அடுப்பில் சில்லென்று கிடந்தது. வெளியே வந்து பார்த்தால் மாடுகள் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கின்றன. மறுபடி அதே சீழ்க்கை.

அதையும் கொடுத்துவிட்டாயா?

மாட்டைக் கூப்பிடுவதைக் கொடுத்தாய், சரி. அது தொழில். ஆனால் இந்தத் தேநீர்ச் சீழ்க்கை என்னுடையது. கல்யாணமான புதிதில், டிராக்டர் சத்தத்தில் நீ கூப்பிடுவது எனக்குக் கேட்பதில்லை என்று எனக்காகக் கண்டுபிடித்தது. அதைக் கொண்டுபோய் ஒலிப்பதிவு அறையில் ஜூலியன் முன்னால் உட்கார்ந்து அடித்துக் காட்டினாயா? நாளைக்கு உருகுவேயில் எவனோ ஒருவனுடைய எருமை அதைக் கேட்டுத் திரும்புமா? எனக்குப் பொறாமை இருக்கிறது. கொஞ்சம் என்று போன கடிதத்தில் எழுதினேன், அது பொய். வயிறு எரிகிறது. அந்தப் பையன் மேல் பொறாமை, பட்டை மேல் பொறாமை, பேர்ல் மேல்கூடப் பொறாமை.

அதிலும் வேலை சுத்தமாக இல்லை. நெட்டைச் சீழ்க்கை முடியும் இடத்தில் மேலே ஒரு கொக்கி போடுவாயே, "வர்றியா இல்லியா" என்கிற மாதிரி, அதைக் காணோம். மொட்டையாக நிற்கிறது. ஒலியை அனுப்புவதற்காகச் சுருக்கும்போது நுனி வெட்டுப்பட்டிருக்கும். இது பழைய கோளாறு, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று நான் படித்திருக்கிறேன். உங்கள் மேதாவிக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

விரெமுவிடம் சொல்லி அழலாமென்று போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ மாட்ட விட மோசம்ப்பா. மாடாவது பட்டை கட்டினாத்தான் திரும்புது, நீ ஒண்ணும் கட்டாமலே ஓடுறியே!" என்று சிரித்தான். அவன் வீட்டு அம்மாள் ஹேரா சிரிக்கவில்லை. அவளிடம் பைக்லெட் அப்பம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். செயலியில் பண்ணைக்காரர் தம் சொந்த ஒலியைப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. உன் சீழ்க்கையை மாற்றி என் சீழ்க்கையைப் பதிவு செய்யப்போகிறேன். என் பண்ணை, என் மாடு, என் வாய். உன் பதில் தேதி நெருங்குகிறது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடு.

கொலின்

*

ஓகாட்டோ,
அக்டோபர், வெயில்.

என் அன்புள்ள நைரிக்கு,

உன் ஒரு வரிப் பதில் வந்தது. "அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, காதைக் காட்டிக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். காது நன்றாக இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், நடுவில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே.

சொன்னபடியே என் சீழ்க்கையைப் பதிவு செய்தேன். நல்ல சீழ்க்கைதான். மழையில் நின்று பல தடவை அடித்து, அதில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தேன். மாடுகளுக்கு அது பிடிக்கவில்லை. பேர்ல் கோட்டருகே போனாள், பட்டையிலிருந்து நான் சீழ்க்கை அடித்தேன், அவள் காதை ஒரு முறை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனாள். வானொலியில் வானிலை அறிக்கை கேட்டமாதிரி அத்தனை பேரும் என்னைக் கேட்டுக்கொண்டே அவள் பின்னால் போனார்கள். கோடைக்குச் சேர்த்துவைக்க விரெமு வளரவிட்டிருந்தானே, முழங்கால் உயரப் புல், அதற்குள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நம் வீட்டில் வேலியைப் பிடுங்கினவன் நான், பயிரை மேய்ந்தது என் மாடு.

விரெமு குவாட் வண்டியில் பறந்து வந்தான். அவன் திட்டியதை எழுதினால் தபால்காரர் வாங்கமாட்டார். எழுதக்கூடியது இவ்வளவுதான்: "எங்கய்யா உன் செயற்கைக்கோளு? கீழ இறங்கச் சொல்லு, நாலு மாட்ட ஓட்டிட்டுப் போகட்டும்!" நானும் அவனும் கையை விரித்துக்கொண்டு ஓடினோம். டிப் என்னையும் பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. எல்லாப் பட்டையும் என் குரலில் கூவ, ஒரு மாடும் தலை நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் பக்கமிருந்து தேநீர்ச் சீழ்க்கை கேட்டது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நானும் டிப்பும் ஒரே நேரத்தில் திரும்பினோம். மாடுகள் எல்லாம் விரெமுவின் புல்லில் நிற்கின்றன, பட்டையில் இருப்பது என் சீழ்க்கை. அப்படியானால் அங்கே அடிப்பது யார்? விரெமு கண்ணைச் சுருக்கிக் கோவாய் மரத்தைப் பார்த்தான். பிறகு வண்டி மேலேயே சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "கொலின், அங்க பாரு. உன் மென்பொருளு கிளையில உக்காந்திருக்கு!"

தூயி, நைரி. அந்த வெள்ளைக் குஞ்ச நீதிபதி. வருஷா வருஷம் பூக்காலத்தில் பின்வாசலுக்கு நேரே உட்கார்ந்து நீ என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டுப் பாடம் பண்ணியிருக்கிறது. அது போன் மணி, கார் ஹாரன் எல்லாம் கற்றுக்கொள்ளும் என்பது இந்த நாட்டில் சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் மூளைக்கு முதலில் எட்டியது மென்பொருள் புதுப்பிப்பு, அடுத்து ஒலிச் சுருக்கம், அதற்கும் அடுத்து ஜூலியன். மரத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. இனி இந்த ஊர் என்னை எப்படிக் கூப்பிடும் என்று உனக்கே தெரியும். மளிகைக் கடையில் நேற்று ஒருவன் "புதுசா அப்டேட் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டான்.

மாடுகளைத் திருப்பிக் கொண்டுவந்தது யார் என்று கேட்கிறாயா? அதைத்தான் எழுதக் கை வரவில்லை. உங்கள் அலுவலக வரைபடத்தில் என் மந்தை பக்கத்துப் பண்ணையில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஜூலியனே கூப்பிட்டான். "கொலின், உங்க மாடெல்லாம் விருந்துக்குப் போயிருக்கு போல" என்றான். குரலில் கிண்டல் இருந்ததா என்று காதைத் தீட்டிக் கேட்டேன், இல்லை. பழையபடி உன் சீழ்க்கையைப் பட்டையில் போட்டான். நீ கூப்பிட்டாய். பேர்ல் வாயிலிருந்த புல்லோடு திரும்பி நடந்தாள், மற்றவையும் வந்தன. விரெமுவுக்கு இரண்டு கட்டுக் கம்பியும், புல்லுக்கு ஈடாக என் பழைய டிரெய்லரும் கொடுத்தேன். வேலியை நாங்கள் இருவரும் சேர்ந்தே மறுபடி கட்டிவிட்டோம்.

போனை வைப்பதற்கு முன்னால் ஜூலியனிடம் கேட்டுவிட்டேன். நைரி இன்னொரு சீழ்க்கை கொடுத்தாளா என்று. அவன் தயங்கிவிட்டுச் சொன்னான். "அன்னைக்கு ஒலிப்பதிவுல உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அடிச்சுக் காட்டுங்கன்னு கேட்டோம். எல்லாம் அடிச்சாங்க. இன்னும் ஏதாவது இருக்கான்னு கேட்டேன். ஒண்ணு இருக்கு, ஆனா அது ஒரே ஒரு கிழட்டு மாட்டுக்கு, அது பட்டை கட்டிக்காது, உங்களுக்கு உதவாதுன்னுட்டாங்க. அது என்ன மாடுன்னு எனக்கு இன்னும் புரியல" என்றான். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அத்தனை படித்த பையன், இது புரியவில்லை பார். முதல்முறையாக அவன் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. இடம் மாறியிருக்கிறது. இப்போது அந்தத் தூயி மேல். என்னிடம் இல்லாத சீழ்க்கை அதனிடம் இருக்கிறது. உன்னைக் கேட்டு உட்கார அதற்கு ஒரு கிளை இருந்தது, நான் அப்போதெல்லாம் டிராக்டரில் இருந்தேன். உன் மேலும் பொறாமை இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. நான் ஆசைப்பட்டுப் படித்த உலகத்துக்குள் நீ ஆசைப்படாமலே நடந்து போய்விட்டாய். அங்கே உன் முகத்தில் வந்த களையைப் பார்த்தேன். அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உருகுவே மாடுகள் கொடுத்துவைத்தவை. சீழ்க்கையைத் தொலைவிலிருந்தும் சரிசெய்யலாமாம், இணையம் நன்றாக இருந்தால் எந்தப் பண்ணையின் பின்வாசலில் இருந்தும் அந்த வேலையைச் செய்யலாமாம். இதை ஜூலியன் சொல்லவில்லை, நானாகப் படித்தது. சும்மா செய்திக்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ பதில் சொல்லவேண்டிய நாள். இருக்கச் சொல்லமாட்டேன், வரச் சொல்லமாட்டேன் என்று முதல் கடிதத்தில் வீராப்பாக எழுதினேன். அதையே இப்போதும் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. அதனால் பறவையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

தினமும் காலையில் அது கூப்பிடுகிறது. பறவை என்று தெரிந்தும் நானும் டிப்பும் போகிறோம். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிடுகிறேன். கெட்டிலை வைத்து இரண்டு கோப்பை எடுக்கிறேன், பிறகு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது, அந்தக் கடைசிக் கொக்கி மட்டும் அதற்கு வரவில்லை. நானும் மரத்தடியில் நின்று அடித்துக் காட்டிப் பார்த்துவிட்டேன், என் வாய்க்கும் வரவில்லை. கோவாய்ப் பூ இன்னும் கொஞ்ச நாள்தான், பூ உதிர்ந்தால் அது போய்விடும். அதற்குள் தெரிந்தவர் யாராவது வந்து சொல்லிக்கொடுத்தால் தேவலை.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

பட்டை கட்டாத உன் மாடு,
கொலின்